பேட்டரி புல்வெட்டும் மெஷின்: பாளையங்கோட்டை வெயிலுக்குத் தாங்குமா?

நாலைந்து சென்ட் புல்தரை, ஓரளவு சமதளம், நிழலில் ஒரு பிளக் பாயிண்ட். இந்த மூன்றும் இருக்கிற வீட்டுக்கு 36 வோல்ட் பேட்டரி புல்வெட்டும் மெஷினைத் தாராளமாக வாங்கலாம். சத்தம் குறைவு. புகை கிடையாது. பெட்ரோல் வண்டி மாதிரி கயிறு இழுத்துத் தோள்பட்டை விட்டுப்போக வேண்டாம். கார்புரேட்டர் அடைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்க்க மாட்டார்.

ஆனால் வாங்கிய முதல் வருஷத்துக்குள்ளேயே “அண்ணாச்சி, வண்டி ஓட மாட்டேங்கு” என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் நிறைய. கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி “சாவி போட்டியளா?” என்பதாகத்தான் இருக்கும். கேலிக்குக் கேட்பதில்லை. பாதிப் பஞ்சாயத்து அந்தச் சாவியிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதியில் லீவர், பேட்டரியின் முனைகள், சூடு என்று வரும். மோட்டாரே போய்விட்டது என்று சொல்கிற நிலை அபூர்வம். எங்கள் அனுபவத்தில் இந்த மெஷின் நம் ஊரில் புல் வெட்டும்போது கெட்டுப்போவதைவிட, வெட்டாமல் மூலையில் கிடக்கும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் கெட்டுப்போவதுதான் அதிகம். ஏன் என்பதைக் கீழே விரிவாகவே சொல்கிறோம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது தள்ளிக்கொண்டு போகிற வகை: நாலு சக்கரம், 36 வோல்ட் 4 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, 37 செ.மீ. அளவில் வெட்டு அகலம், பின்னால் 40 லிட்டர் புல் பெட்டி, மொத்த எடை 15 கிலோவை ஒட்டி. இந்த அளவில் வருகிற வண்டிகள் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே கட்டமைப்புதான். அதனால் பெயர் சொல்லி மார்க் போடாமல் வகையைப் பற்றியே பேசலாம்.

கடையில் 36 வோல்ட் என்று ஒன்றும் 40 வோல்ட் என்று ஒன்றும் வைத்திருப்பார்கள். 40 என்றால் சக்தி கூடுதல் என்று நினைத்துக் காசை இறைக்க வேண்டாம். இரண்டிலும் உள்ளே வரிசையாக இணைத்திருப்பது 10 லித்தியம் செல்கள்தான். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், பத்துக்கு 36. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட் வரை போகும், பத்துக்கு 42. ஒருவர் சராசரியை அட்டையில் அச்சடிக்கிறார், இன்னொருவர் உச்சத்தை ஒட்டிய எண்ணை அச்சடிக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். மகிட்டா மாதிரி சில கம்பெனிகள் தங்கள் டிரில் மெஷினுக்கு வருகிற 18 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்துப் போட்டு 36 ஆக்குகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே அந்த டிரில் இருந்தால் இது லாபம். பார்க்க வேண்டிய எண் வோல்ட்டும் ஆம்பியர்-மணியும் பெருக்கி வருகிற வாட்-மணி. 36 × 4 = 144. இதுதான் உங்கள் டேங்கின் கொள்ளளவு.

அந்த 144-ல் எவ்வளவு வெட்டலாம்? காய்ந்த, அளவான புல்லில் மோட்டார் சராசரியாக 400 முதல் 450 வாட் இழுக்கும். அப்படியானால் 20 நிமிஷம். 37 செ.மீ. அகலத்தில் ஒவ்வொரு சாலுக்கும் 7 செ.மீ. மேலேறி ஓட்டினால் பயன்படுவது 30 செ.மீ. நிதானமாக மணிக்கு 3 கிலோமீட்டர் நடை என்றால் நிமிஷத்துக்கு 50 மீட்டர், 15 சதுர மீட்டர். 20 நிமிஷத்தில் 300 சதுர மீட்டர் என்று கணக்கு வரும். திரும்புவது, பெட்டியைக் கொட்டுவது, செடியைச் சுற்றிப் போவது எல்லாம் கழித்தால் கையில் நிற்பது 200 சதுர மீட்டர், அதாவது 5 சென்ட். புல் அடர்ந்து ஈரமாக இருந்தால் இதில் பாதிகூட வராது. ‘ஒரு சார்ஜில் 45 நிமிஷம்’ என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் புல் இல்லாத தரையில் சும்மா சுற்றவிட்டு எடுத்த கணக்காக இருக்கும்.

இதே கணக்கில் ஒரு ஏக்கர் பள்ளி மைதானத்துக்கு 20 சார்ஜ் வேண்டும். பாளையங்கோட்டையில் மைதானத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதற்கெல்லாம் பெட்ரோல் வண்டிதான். தென்னந்தோப்புக்கும் வரப்புக்கும் கோரை மண்டிய மனைக்கும் தோளில் மாட்டுகிற பிரஷ் கட்டர்தான். கோரையின் தண்டு முக்கோணமாக, நாராக இருக்கும். பிளேடில் வெட்டுப்படுவதற்குப் பதில் சாய்ந்து, அச்சில் சுற்றிக்கொள்ளும். காலி மனையில் பேட்டரி வண்டியை இறக்கி, ‘மெஷின் சரியில்லை’ என்று விமர்சனம் எழுதுகிறவர்கள் மெஷினுக்கு அநியாயம் செய்கிறார்கள்.

ஸ்டார்ட் செய்யும் முறை

முதலில் கைப்பிடி. மடக்கு வைத்த கைப்பிடி முழுவதும் நீட்டி, இரண்டு பக்கத் திருகும் இறுகியிருக்க வேண்டும். சில மாடல்களில் கைப்பிடியின் மூட்டிலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது. கைப்பிடி சரியான கோணத்தில் உட்காராவிட்டால் கரண்டே போகாது. பேட்டரியும் சரி, சாவியும் சரி, வண்டி ஓடாது. இதை ஒருவர் கண்டுபிடிக்க ஒருநாள் ஆகும்.

அடுத்து பேட்டரி மூடியைத் திறந்து பேட்டரியைச் செருகுங்கள். ‘டக்’ என்று பூட்டு விழுகிற சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். மேலோட்டமாக உட்கார்ந்த பேட்டரி விளக்கு எரியவிடும், மோட்டாரைச் சுற்றவிடாது. பிறகு சாவி. பிளாஸ்டிக் துண்டு மாதிரி சிவப்பிலோ மஞ்சளிலோ இருக்கும், பேட்டரிக்குப் பக்கத்துப் பொந்தில் போட வேண்டும். சிலதில் திருப்பவும் வேண்டும். பேட்டரி, சாவி இரண்டும் உள்ளே போன பிறகு மூடியை மூடுங்கள்.

இப்போது கைப்பிடியில் இரண்டு வேலை. பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து இழுக்க வேண்டும். மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும் பொத்தானை விட்டுவிடலாம், லீவரை மட்டும் விடக்கூடாது. வரிசை மாறக்கூடாது: லீவரை இழுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் பல வண்டிகள் அசையாது. பிரஷ் இல்லாத மோட்டார் என்றால் மெதுவாக வேகம் எடுக்கும்படி வைத்திருப்பார்கள். ஒன்றிரண்டு நொடி தாமதம் இருக்கும். அந்த நொடிக்குள் ‘ஓடலையே’ என்று விட்டுவிட்டு மறுபடி மறுபடி இழுத்தால் உள்ளே இருக்கிற கட்டுப்பாட்டுப் பலகை (சர்க்யூட் போர்டு) குழம்பி நின்றுவிடும். ஸ்டார்ட் செய்யும்போது வண்டி வெட்டிய தரையிலோ சிமெண்ட் தளத்திலோ நிற்கட்டும். உயரமான புல்லுக்குள் நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் பிளேடு முதல் சுற்றிலேயே மாட்டிக்கொள்ளும்.

லீவரை விட்டால் 3 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும். மாசத்துக்கு ஒருமுறை இதைச் சோதித்துப் பாருங்கள். நிற்க நேரம் கூடினால் வெட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டு சர்வீசுக்குக் கொடுங்கள். கை வலிக்கிறது என்று லீவரைச் சணலால் கட்டி ஓட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். தோட்ட வேலைக்கு வருகிறவர் அப்படிச் செய்தால் வீட்டுக்காரர்தான் தடுக்க வேண்டும். விரல் போனால் வராது.

ஓடவில்லை என்றால்

சாவி, பூட்டு, கைப்பிடி மூன்றையும் பார்த்தாயிற்று. இன்னும் ஓடவில்லை. பேட்டரியைக் கழற்றி அதன் பொத்தானை அழுத்துங்கள். நாலு விளக்கில் ஒன்று மட்டும் மினுக்கினால் சார்ஜ் இல்லை. நாலும் எரிந்தும் வண்டி ஓடாவிட்டால் பார்க்க வேண்டியது தொடுமுனைகள்.

ஆனி, ஆடியில் நம் பக்கம் வீசுகிற காற்று சும்மா வருவதில்லை. செம்மண் தூசியை அள்ளிக்கொண்டு வந்து எந்தப் பொந்தில் இடமிருக்கிறதோ அங்கே நிரப்பும். வண்டியின் பேட்டரிக் குழியில் செப்புத் தகடுகள் இரண்டு பெரிதாக, பக்கத்தில் ஒன்றிரண்டு சின்னதாக நிற்கும். பெரியவை கரண்டுக்கு. சின்னவை பேட்டரியின் சூடு, நிலை பற்றிய சேதி போவதற்கு. பெரிய தகட்டில் தூசி என்றால் வண்டி திக்கித்திக்கி ஓடும். சின்னதில் தூசி என்றால் ஓடவே ஓடாது, விளக்கு மட்டும் மினுக்கும். மொபைல் ரிப்பேர் கடையில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் சின்னப் பாட்டிலில் கிடைக்கும். பழைய டூத் பிரஷில் தொட்டு, சாவியையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, தகடுகளைத் தேய்த்துக் காயவிடுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் அப்புறம் துரு சீக்கிரம் ஏறும். தேங்காய் எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம், தூசி அதில்தான் ஒட்டும். உவரி, கூடங்குளம், இடிந்தகரை மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் தகட்டில் பச்சை பிடிக்கும். அங்கே மாதம் ஒருமுறையாவது துடைக்க வேண்டியிருக்கும். பேட்டரியை வண்டியிலேயே விட்டுவைக்காமல் கழற்றி மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

அடுத்தது எறும்பு. கைப்பிடிச் சுவிட்ச் பெட்டிக்குள் சிற்றெறும்பு கூடு கட்டுவது இங்கே வெகு சாதாரணம். மண்ணையும் முட்டையையும் கொண்டுபோய்ச் சுவிட்சின் நாக்குக்கு அடியில் வைத்துவிடும். லீவரை இழுக்கும்போது காதைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். உள்ளே மைக்ரோ சுவிட்ச் ‘டிக்’ என்று சத்தம் கொடுக்க வேண்டும், விடும்போது இன்னொரு ‘டிக்’. சத்தமே வராவிட்டால் நாக்கு அமுங்கவில்லை. பெட்டியின் நாலைந்து திருகைக் கழற்றி, தூசியை ஊதி, உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டாலே பலதும் சரியாகிவிடும். பூச்சி மருந்தை உள்ளே அடிக்காதீர்கள், அதிலிருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கில் விரிசல் விழவைக்கும். சத்தம் வந்தும் ஓடவில்லை என்றால் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதிக்கிற இடத்தில் வைத்து, பேட்டரி வெளியே இருக்கும்போது, சுவிட்சின் இரண்டு முனையில் பிடியுங்கள். அமுக்கினால் பீப் வர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். சுவிட்ச் போயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதைப் போடலாம், பெரிய செலவு இல்லை.

மூன்றாவது, கைப்பிடி மடக்குகிற மூட்டில் வயர். ஒவ்வொரு தடவையும் மடக்கும்போது வயர் இடுக்கில் நசுங்கும். வெளித்தோல் நன்றாகவே இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். லீவரை இழுத்துப் பிடித்து ஓட்டும்போது கைப்பிடி லேசாக ஆடினால் மோட்டார் விட்டுவிட்டு ஓடுகிறதா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம், வயர்தான். புது வண்டி வாங்கியவுடனேயே வயரை மூட்டுக்கு மேலேயும் கீழேயும் கிளிப் போட்டு, நடுவில் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

பேட்டரியையே அளந்து பார்க்க ஆசையிருந்தால் டி.சி. 200 வோல்ட் அளவில் மீட்டரை வைத்து + , − முனைகளில் தொடுங்கள். முழுச் சார்ஜில் 41 முதல் 42 வரும். 36-ஐ ஒட்டி இருந்தால் நடுவாந்தரம். 30-க்குக் கீழே போனால் காலி. ஒரு விஷயம்: சில பேட்டரிகள் வண்டியிலிருந்து சேதி வராமல் வெளியே கரண்டைத் திறக்காது, மீட்டரில் பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்துப் பேட்டரி செத்துவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். முனைகளை ஸ்குரூ டிரைவரால் இணைத்துத் ‘தீப்பொறி வருதா’ என்று பார்க்கிற பழக்கம் கார் பேட்டரியோடு போகட்டும். லித்தியத்தில் அது விபரீதம்.

ஸ்டார்ட் ஆகிறது, உடனே நின்றுவிடுகிறது என்றால் கதை வேறு. அது பாதுகாப்புக்காக நிற்கிறது. பிளேடுக்கு எடை தாங்கவில்லை, அதிகக் கரண்ட் இழுக்கிறது, கட்டுப்பாட்டுப் பலகை கரண்டைத் துண்டித்துவிடுகிறது. லீவரை முழுக்க விட்டு, பத்து நொடி பொறுத்து, சாவியை எடுத்து, பேட்டரியையும் எடுத்துவிட்டு வண்டியைப் பக்கவாட்டில் சாயுங்கள். பெட்ரோல் வண்டி மாதிரி ஆயில் ஒழுகும், எந்தப் பக்கம் சாய்ப்பது என்ற குழப்பமே இதில் இல்லை. அடியில் பாருங்கள். ஈரப்புல் பச்சைச் சாணி மாதிரி அப்பிக்கிடக்கும். பிளேடு அச்சில் தென்னை நார், பிளாஸ்டிக் சரடு, சொட்டுநீர்க் குழாயின் மெல்லிய டியூப் சுற்றியிருக்கும். பனை இருக்கிற வீட்டில் மட்டையின் கருக்குத் துண்டு சிக்கிக்கொண்டு பிளேடைப் பூட்டிவிடும். தென்னை மட்டைத் துண்டாலோ மரச் சட்டத்தாலோ சுரண்டி எடுங்கள். ஹோஸ் பைப் பிடித்துத் தண்ணீர் அடிப்பதுதான் எல்லாரும் செய்கிற காரியம், மோட்டாரின் காற்றுத் துளைகள் மேல்பக்கம் இருப்பதால் அதுவே மோட்டாருக்கு வினை. ஈரத் துணி போதும்.

அடி சுத்தமாக இருந்தும் நின்றால் வெட்டு உயரத்தைக் கூட்டுங்கள். அதற்கும் நின்றால் பேட்டரியின் செல்களில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது: சும்மா நிற்கும்போது 40 வோல்ட் காட்டும், பிளேடு புல்லில் இறங்கியதும் சட்டென்று விழும். வேறு பேட்டரி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

வெயில்

இனி முக்கியமான சமாச்சாரம். லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்போது ஏற்ற வெப்பம் 0 முதல் 45 டிகிரி வரை. இது பொதுவான வரம்பு, எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய இதையே வைத்திருக்கிறார்கள். ஓட்டும்போது 60 வரை தாங்கும். அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் நிழலிலேயே 40-ஐத் தொடும். தகரக் கொட்டகைக்குள் 50-க்கு மேல். 20 நிமிஷம் வெட்டி முடித்த பேட்டரி தன் சூட்டையும் சேர்த்து 50-ஐ நெருங்கி நிற்கும். அதை அப்படியே சார்ஜரில் மாட்டினால் சார்ஜர் சிவப்பு விளக்கை மினுக்கி ‘மாட்டேன்’ என்கிறது. சார்ஜர் ரிப்பேர் என்று எண்ணிக் கடைக்கு ஓடுகிறார்கள். அது ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம் அந்த மினுக்கல்.

வெட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில் அரைமணி நேரம் வையுங்கள். தொட்டால் கைச்சூடு அளவுக்கு வந்த பிறகு சார்ஜ் போடுங்கள். பிரிட்ஜில் வைக்க வேண்டாம், உள்ளே நீர் வேர்த்துப் பலகையைக் கெடுக்கும். இரவில் போட்டால் இன்னும் நல்லது. 2 ஆம்பியர் சார்ஜரில் 4 ஆம்பியர்-மணி பேட்டரிக்குக் காலியிலிருந்து இரண்டேகால், இரண்டரை மணி நேரம். கரண்டுச் செலவு ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு.

வெயிலில் கெடுவதன் உண்மையான கதை இப்படித்தான் நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் கிடுகிடுவென்று வரும், வாரம் ஒருதரம் வெட்டுவீர்கள். தை, மாசியில் குறையும். பங்குனியில் புல் பழுக்கும், தண்ணீரும் மட்டாகிவிடும். கடைசியாக ஒருநாள் பேட்டரி காலியாகும்வரை வெட்டிவிட்டு, ‘அடுத்த தடவை சார்ஜ் போட்டுக்கலாம்’ என்று வண்டியைக் கொட்டகையில் தள்ளிவிடுவீர்கள். பேட்டரிக்குள் இருக்கிற பாதுகாப்புப் பலகை அதே பேட்டரியிலிருந்து சொட்டுச்சொட்டாகக் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். சூட்டில் செல்களின் சார்ஜும் தானாகவே இறங்கும். ஒரு செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் சார்ஜர் அதை ஏற்றுக்கொள்ளாது. புரட்டாசியில் எடுத்தால் பேட்டரி விளக்கு ஒன்றும் எரியாது. ஆறு மாதம் தொடாமலே ஒரு பேட்டரி போயிற்று.

முழுச் சார்ஜில் வைத்துவிட்டால் சரியா என்றால் அதுவும் இல்லை. 42 வோல்ட்டில் வைத்து 40 டிகிரியில் மாதக்கணக்கில் கிடந்தால் கொள்ளளவு நிரந்தரமாகத் தேயும். நாலு விளக்கில் இரண்டு எரிகிற அளவில், வண்டியிலிருந்து கழற்றி, வீட்டின் குளிர்ச்சியான அறையில், பீரோவின் கீழ்த்தட்டு மாதிரி இடத்தில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள், ஒரு விளக்குக்கு வந்திருந்தால் அரைமணி நேரம் சார்ஜ் கொடுத்தால் போதும். மூடிய காரின் டிக்கியில் ஒரு மத்தியானம் விட்டுவைத்தாலும் இந்தப் பாடெல்லாம் வீண்.

உயிரற்றுக் கிடக்கிற பேட்டரியை வேறொரு பேட்டரியோடு வயர் போட்டு இணைத்து ‘எழுப்பித் தருகிறேன்’ என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். மிகவும் இறங்கிப்போன செல்லில் உள்ளே செம்பு கரைந்து படிந்திருக்கும், மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. வெள்ளத்தில் மூழ்கியதும் அப்படித்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணாரப்பேட்டைப் பக்கம் நீர் ஏறியது மாதிரி ஒரு நிலைமை வந்தால், வண்டியைக் காயவைத்துச் சரி செய்ய முடியலாம். பேட்டரியை மட்டும் வெயிலில் காயவைத்துச் சார்ஜ் போட்டுப் பார்க்கிற ஆசையே வேண்டாம். வெளியே திறந்த இடத்தில், எரியும் பொருள் பக்கத்தில் இல்லாமல் வைத்துவிட்டுக் கம்பெனிக்காரரைக் கூப்பிடுங்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-ன்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறுகிற பொறுப்பு தயாரிப்பாளருடையது. பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம்.

பிளேடு

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்ற புகாரில் பாதி, பிளேடு மழுங்கியதால். வெட்டிய மறுநாள் புல்நுனியைக் குனிந்து பாருங்கள். நேராக அறுந்திருந்தால் பிளேடு நன்றாக இருக்கிறது. நுனி நாராகக் கிழிந்து வைக்கோல் நிறத்தில் வெளுத்திருந்தால் பிளேடு புல்லை வெட்டவில்லை, அடித்துப் பிய்க்கிறது. அந்த அடிக்கு மோட்டார் கூடுதல் கரண்ட் குடிக்கும். நம் செம்மண்ணில் சரளைக்கல் கலந்திருப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். வெட்டுவதற்கு முன்னால் ஒருநடை நடந்து கல், வேப்பங்கொம்பு, பனங்கொட்டை, ஆணி எல்லாம் பொறுக்கிப் போடுங்கள். தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் தலை புல்லுக்குள் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தீட்டுவது கஷ்டமில்லை. சாவி, பேட்டரி வெளியே. தடித்த கையுறை. பிளேடுக்கும் வண்டியின் அடித்தட்டுக்கும் நடுவில் மரக்கட்டை வைத்து அசையாமல் பிடித்து, நடுப் போல்ட்டைக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன்னால் தரையைப் பார்க்கிற பக்கத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். தலைகீழாக மாட்டினால் வெட்டாது. வாஷர், பிளாஸ்டிக் துண்டு, விசிறி எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் ஒரு தாளில் அடுக்கிவைத்துப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான அரத்தால், பிளேடில் ஏற்கெனவே இருக்கிற சரிவையே பின்பற்றி, ஒரே திசையில் தேயுங்கள். இந்த முனைக்குப் பத்து இழுப்பு என்றால் அந்த முனைக்கும் பத்து. சவரக் கத்திக் கூர் தேவையில்லை, அது முதல் கல்லிலேயே மடங்கிவிடும். கிரைண்டிங் கடையில் கொடுத்தால் நீலம் பாரிக்கும்வரை சூடாக்கிவிடுவார்கள், எஃகின் பதம் போய்விடும்.

தீட்டியபின் சுவரில் அடித்த ஆணியில் பிளேடின் நடுத்துளையை மாட்டித் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் இரண்டு இழுப்பு. இந்தச் சமநிலையை விட்டுவிட்டால் வண்டி கைப்பிடியில் நடுங்கும், நாளடைவில் மோட்டாரின் பேரிங்கைத் தின்றுவிடும். கல்லில் மோதிய பிறகு திடீரென்று நடுக்கம் வந்தால் பிளேடு வளைந்திருக்கலாம். புது பிளேடு போட்டும் நடுக்கம் நிற்காவிட்டால் அச்சே வளைந்துவிட்டது, அதோடு ஓட்டக் கூடாது.

வெட்டு உயரம் பற்றி ஒருவரி: அருகம்புல் வகைக்கு 3 முதல் 4 செ.மீ., அகல இலை எருமைப்புல்லுக்கு 5-க்குக் குறையாமல். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மழையில் இரண்டு வாரம் விட்டுப்போன புல்லை முதலில் உச்ச உயரத்தில் வெட்டி, இரண்டு நாள் கழித்துக் கீழே இறக்குங்கள். மார்கழிப் பனியில் காலை ஒன்பது மணிக்கு முன்னால் இறங்க வேண்டாம்.

புல் பெட்டி நிறையாமல் தரையிலேயே சிதறுகிறது என்றால் பெட்டியின் வலையைப் பாருங்கள். காற்று வெளியேறினால்தான் புல் உள்ளே வரும். வலைக் கண்களைச் செம்மண் தூசி அடைத்திருக்கும். பெட்டியை மட்டும் கழற்றித் தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். சேர்ந்த புல்லை வாழை மூட்டில் போடலாம், மெல்லிய படலமாகப் பரத்தினால் நல்லது, குவித்தால் சூடேறி நாறும்.

வாங்கப் போகிறீர்கள் என்றால்

கடையில் இரண்டு மெஷின் விலையை ஒப்பிடும்போது பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்த விலையா, மெஷின் மட்டுமா என்று கேளுங்கள். விலையில் பெரும் பங்கு பேட்டரிக்கே. மெஷினுக்கு இரண்டு வருஷம் வாரண்டி என்பார்கள், பேட்டரிக்கு எவ்வளவு என்பதைத் தனியாக பில்லில் எழுதி வாங்குங்கள். பேட்டரியின் மேல் அச்சடித்த தயாரிப்பு மாதத்தைப் படியுங்கள். குடோனில் ஒரு கோடையைப் பார்த்துவிட்ட பேட்டரி என்றால் வேறு கேளுங்கள். பெட்டியைப் பிரித்ததும் அங்கேயே பேட்டரிப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள், ஒரு விளக்காவது எரிய வேண்டும். பிளேடு, சாவி, கைப்பிடிச் சுவிட்ச் மூன்றும் உதிரியாக இந்த ஊரிலேயே கிடைக்குமா, மதுரைக்கோ சென்னைக்கோ ஆர்டர் போட வேண்டுமா என்பதையும் காசு கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். சாவி சின்ன சாமான், புல்லில் விழுந்தால் தேட முடியாது. மெஷினோடு சேர்த்தே இரண்டாவது சாவி ஒன்றை வாங்கி வீட்டுச் சாவிக் கொத்தில் மாட்டிவிடுங்கள்.